சக் கீயில் ஒரு ஸ்பிரிங்

லேத் வேலை பழக வருகிற பையனுக்கு முதல் நாள் சொல்லித் தருவது கடைசல் இல்லை, சக் கீயைப் பற்றித்தான். கம்பியைச் சக்கில் கொடுத்து மூன்று ஜாவையும் இறுக்க ஒரு சாவி இருக்கும். இறுக்கின கையோடு அதை உருவிவிட வேண்டும். சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டால் சாவி கிளம்பிவிடும். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடுகிற சக்கிலிருந்து கிளம்புகிற இரும்பு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஐ.டி.ஐ. முடித்து நான் அப்ரண்டிஸாகச் சேர்ந்த பட்டறையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஓர் ஓட்டை இருந்தது. மழைக்காலத்தில் அதற்குக் கீழே வாளி வைப்போம். அது எப்படி வந்தது என்று புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் கதை சொல்வார்கள்.

அங்கே ஃபோர்மேனை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். சக்கில் சாவி நிற்பதைப் பார்த்தால் சத்தமில்லாமல் பின்னால் வந்து மண்டையில் ஒரு தட்டு வைப்பார். "கை சாவிய விடுறதுக்கு முன்னாடி சாவி சக்க விட்டிருக்கணும்டா" என்பார். தட்டு வாங்கின வாரம் யாரும் மறக்க மாட்டோம். அடுத்த மாதம் ஓவர்டைம் ராத்திரியில், தூக்கக் கலக்கத்தில், எவனாவது ஒருவன் மறப்பான். ஒருநாள் மேஸ்திரியே மறந்தார். அத்தனை வருஷ சர்வீஸ் அவரைக் காப்பாற்றவில்லை.

பிறகு நான் வேலைக்குப் போன கம்பெனியில் சக் கீயின் நுனியில் ஒரு ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். அழுத்திப் பிடித்தால்தான் சாவி குழிக்குள் நிற்கும். கையை எடுத்ததும் ஸ்பிரிங் தள்ளிவிட, சாவி கீழே விழுந்துவிடும். இன்னொரு ஷாப்பில் சாவி வைப்பதற்கு மெஷினிலேயே ஒரு கூடு செய்து, அதற்குள் லிமிட் ஸ்விட்ச் வைத்திருந்தார்கள். சாவி கூட்டில் உட்கார்ந்தால்தான் மோட்டார் ஓடும். அந்த இரண்டு இடத்திலும் யாரும் யார் மண்டையிலும் தட்டவில்லை.

வாழ்க்கையில் முன்னேற நல்ல பழக்கங்கள் வேண்டும் என்று மேடையில் யாராவது பேசினால் எனக்கு அந்த ஸ்பிரிங்தான் ஞாபகத்துக்கு வரும். வைராக்கியம் மொபைல் சார்ஜ் மாதிரி: காலையில் நிறைய இருக்கும், செகண்ட் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் தேடினால் இருக்காது. அதை நம்பி ஒரு மெஷினை ஓட்ட முடியாது. ஒரு குடும்பத்தையும் ஓட்ட முடியாது என்பது என் கருத்து.

ஆளை நம்பாமல் ஏற்பாட்டை நம்பு என்கிற இந்தப் பேச்சு எங்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் சூடு பிடித்தது 1990களின் கடைசியில். பக்கத்தில் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் தரத்துக்கான டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல். டெமிங் அமெரிக்கர், புள்ளியியல்காரர். 1950-ல் ஜப்பானுக்குப் போய் அந்த ஊர் இன்ஜினியர்களுக்கு வகுப்பு எடுத்தார். அடுத்த வருஷமே ஜப்பானியர்கள் அவர் பெயரில் பரிசு ஏற்படுத்திவிட்டார்கள். அவர் சொன்னதை அவருடைய சொந்த ஊரில் காது கொடுத்துக் கேட்க இன்னும் முப்பது வருஷம் ஆனது. பெரிய கம்பெனிகள் கற்றுக்கொண்டதும், அவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்கிற எங்களைப் போன்றவர்களுக்கும் பாடம் இறங்கி வந்தது. ஐந்து எஸ், கைசன், போகா யோகே என்று தினம் ஒரு வார்த்தை. டீக்கடையில்கூட டர்னர்கள் ஜப்பான் பாஷை பேசிக்கொண்டிருந்த காலம் அது.

பாடம் வந்த வேகத்தில் போஸ்டரும் வந்தது. 'தரமே நம் உயிர்', 'முதல் முறையே சரியாகச் செய்வோம்' என்று சுவர் முழுக்க ஒட்டினோம். டெமிங் 1986-ல் எழுதிய புத்தகத்தில் நிர்வாகிகளுக்கு 14 விஷயம் சொல்கிறார். பத்தாவது, தொழிலாளிக்கு வாசகமும் அறிவுரையும் எழுதி மாட்டுவதை நிறுத்துங்கள் என்பது. குறைகளில் பெரும்பகுதி ஏற்பாட்டில் இருக்கிறது, ஆளிடம் இல்லை என்பது அவர் வாதம். தேய்ந்துபோன டூல் ஹோல்டரைக் கொடுத்துவிட்டு 'தரமே உயிர்' என்றால் அவன் என்ன செய்வான்? சொந்தமாக ஷாப் போட்டபோது நான் அந்த மாதிரி எதையும் மாட்டவில்லை. பார்க்க வருகிறவர்களுக்குச் சுவர் மொட்டையாகத் தெரியும்.

ஐந்து எஸ் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன், அதைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசிவிட்டார்கள். வேண்டாததைக் கழி, வேண்டியதற்கு இடம் வை, துடை, அதையே முறையாக்கு, விடாமல் செய். ஜப்பான்காரன் சொல்வதற்கு முன்பே நம்மிடம் ஆயுத பூஜை இருந்தது. அன்றைக்கு எந்தப் பட்டறைக்கும் போய்ப் பாருங்கள்: பெட்டில் தூசி இருக்காது, ஸ்பேனர்கள் சைஸ் வாரியாகச் சந்தனப் பொட்டோடு வரிசையாகப் படுத்திருக்கும், மார்ச் மாதம் தொலைந்த ஆலன் கீ அலமாரிக்கு அடியில் கிடைத்திருக்கும். பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்து, லீவு விட்டு, திரும்பி வந்த மூன்றாம் நாள் அதே ஆலன் கீ மறுபடி தொலையும். கஸ்டமர் ஆடிட்டும் நமக்கு இன்னொரு ஆயுத பூஜைதான், சந்தனம் மட்டும் கிடையாது. பலகையில் ஸ்பேனரின் உருவத்தை வரைந்து அதன்மேல் ஸ்பேனரை மாட்டுகிற முறை ஒன்றுதான் எங்கள் ஷாப்பில் நிலைத்தது. மாட்டாத இடம் ஓட்டைப் பல் போலத் தெரிந்துவிடும். யாரும் கேட்க வேண்டியதில்லை.

இனி நான் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிற விஷயம். தன் வேலையில் ரொம்ப அக்கறை உள்ளவன் எப்படி அந்த வேலையைக் கெடுக்கிறான் என்பது.

ஒரு புஷ் ஓடிக்கொண்டிருந்தது. வெளி விட்டம் 30 மில்லிமீட்டர், மேலே 20 மைக்ரான், கீழே 20 மைக்ரான் அனுமதி. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு சி.என்.சி. மெஷினில் அதே ஜாப். ஒரு மெஷினில் இருந்தவன் சிரத்தையான பையன். ஒவ்வொரு பீஸையும் மைக்ரோமீட்டரில் பார்ப்பான். 8 மைக்ரான் கூட இருந்தால் ஆஃப்செட்டில் 8 குறைப்பான். அடுத்தது 6 குறைவாக வந்தால் 6 ஏற்றுவான். டீக்குக்கூட எழுந்து போக மாட்டான். அடுத்த மெஷின்காரன் சுகவாசி. பத்துக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு, அனுமதிக்குள் இருந்தால் பேசாமல் விட்டுவிடுவான். மாலையில் இரண்டு பேர் ஓட்டினதையும் அளந்து சார்ட்டில் புள்ளி வைத்துப் பார்த்தால், சுகவாசியின் பீஸ்கள் நடுக்கோட்டை ஒட்டி நின்றன. சிரத்தைக்காரனுடையவை மேலும் கீழும் சிதறிக் கிடந்தன. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "சார், நான் ஒவ்வொண்ணா பாத்தேன் சார்" என்றான். பார்த்ததில் தப்பே இல்லை. பார்த்ததும் கை வைத்ததில்தான் இருந்தது.

எந்த மெஷினுக்கும் இயல்பாக ஒரு ஆட்டம் உண்டு. கம்பியின் கடினம் சற்று மாறும், கூலன்ட் கொஞ்சம் கூடக் குறைய விழும், ஸ்பிண்டில் சூடாகும். இத்தனையும் சேர்ந்து பீஸுக்குப் பீஸ் சில மைக்ரான் இப்படியும் அப்படியும் போகும். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் இருந்த வால்டர் ஷூஹார்ட் 1924-ல் இதற்குத்தான் சார்ட் போட்டுக் காட்டினார்: எது மெஷினின் இயல்பான ஆட்டம், எது வெளியிலிருந்து வந்த கோளாறு என்று பிரிக்க. டெமிங் தன் வகுப்புகளில் இதையே ஒரு புனலும் கோலிக்குண்டும் வைத்துச் செய்து காட்டுவார். மேஜையில் ஒரு புள்ளி. அதற்கு நேர் மேலே புனல். குண்டைப் புனல் வழியாக விட்டால் புள்ளிக்கு அக்கம்பக்கத்தில் விழும். புனலை அசைக்காமல் விட்டுக்கொண்டே இருந்தால் குண்டுகள் ஒரு சிறிய வட்டத்துக்குள் நிற்கும். குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து, எத்தனை விலகியதோ அத்தனையும் எதிர்ப்பக்கம் புனலை நகர்த்தி நகர்த்தி விட்டால் வட்டம் பெரிதாகும். கணக்குப்படி வேரியன்ஸ் இரண்டு மடங்கு. எங்கள் சிரத்தைக்காரன் செய்தது அச்சாக இதேதான்.

அப்படியானால் எப்போதுதான் கை வைப்பது? சார்ட்டின் எல்லைக் கோட்டைத் தாண்டினால், இல்லாவிட்டால் தொடர்ந்து 7 புள்ளி நடுக்கோட்டுக்கு ஒரே பக்கமாக விழுந்தால். இன்செர்ட் தேய்ந்தால் அப்படித்தான் ஒரே பக்கமாக நகரும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பட்டறையில் நான் பார்த்ததிலேயே பழகக் கஷ்டமான பழக்கம் இதுதான். முதலாளி உள்ளே வருகிற நேரத்தில் சும்மா நிற்பதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

என் அக்கா மகன் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு. குரூப் 4-க்கு 200 கேள்வி. ஒரு வாரம் 126 சரி, அடுத்த வாரம் 115, பிறகு 121. 115 வந்த வாரம் புத்தகத்தை மாற்றினான். அது ஏறவில்லை என்று படிக்கிற நேரத்தை விடியற்காலைக்கு மாற்றினான். பிறகு வாட்ஸ்அப் குழுவை மாற்றினான். நான் அவன் மார்க்குகளை வாங்கி ஒரு கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் காட்டினேன். எல்லாம் இயல்பான ஆட்டத்துக்குள்ளேதான் இருந்தன. "புனலை நகர்த்தாதே" என்றேன். அவன் என்னைவிட கெட்டிக்காரன். "மாமா, எனக்கு ஆட்டம் குறைஞ்சா போதாது, நடுக்கோடே மேல போகணும்" என்றான்.

அது நியாயமான பேச்சு. நடுக்கோடு மேலே போக வேண்டுமென்றால் அந்த வார மார்க்கைப் பார்த்து ஒன்றும் நடக்காது. எல்லா வாரத்துக்கும் பொதுவாக இருக்கிற ஏதோ ஒன்றை மாற்ற வேண்டும். டோயோட்டாவின் டாய்ச்சி ஓனோ இதற்காக 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்கச் சொன்னார். மெஷின் நின்றது. ஏன்? ஃபியூஸ் போனது. ஏன் போனது? பேரிங்கில் எண்ணெய் இல்லாமல் லோடு கூடியது. ஏன் இல்லை? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்ப்பின் ஷாஃப்ட் தேய்ந்தது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போனது. முதல் 'ஏன்' கேட்டதும் ஃபியூஸை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தால் அடுத்த வாரம் மறுபடி மெஷின் நின்றிருக்கும். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டதில், எல்லா வாரமும் கணக்கில்தான் ஓட்டை என்று தெரிந்தது. 25 திறனறிவுக் கேள்விகளையும் அவன் கடைசிக்குத் தள்ளிவிடுவான். அங்கே வரும்போது நேரம் இருக்காது. இப்போது தினமும் முதல் வேலையாகக் கணக்கைப் போடுகிறான். புத்தகம் அதே புத்தகம்தான். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்கிறான்.

அடுத்தது சிவப்புப் பெட்டி. ஷாப் ஆரம்பித்த சில வருஷத்தில் என் ரிஜெக்ஷன் கணக்கு அழகாக இருந்தது. அவ்வளவு அழகாக இருக்கக் கூடாது. ஒருநாள் இரும்புச் சுருள் எடுக்க வருகிற ஸ்கிராப் கடைக்காரர் சொன்னார்: "அண்ணே, உங்க சிப்ஸ் மூட்டைல முழு ஜாப் கிடக்குது. எனக்கென்ன, எடை கூடுனா லாபம்தான். இருந்தாலும் சொல்றேன்." கெட்டுப்போன பீஸைச் சுருளுக்கு அடியில் புதைத்திருக்கிறார்கள். பின்பக்கக் கால்வாயிலும் சில கிடந்தன. ஏன் என்று கேட்க ஐந்து தடவை வேண்டியதில்லை. கெட்டது என்று கொண்டுவந்து காட்டினால் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்குவார்.

டோயோட்டாவின் கதையே கோளாறைக் கண்டதும் நிறுத்துவதில்தான் ஆரம்பிக்கிறது. சகிச்சி டொயோடா 1924-ல் செய்து முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அந்தக் காப்புரிமையை 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி விலைக்கு வாங்கியது. பின்னால் டோயோட்டா கார்த் தொழிற்சாலையில் கோளாறு கண்ட தொழிலாளி கயிறு இழுத்தால் லைன் நிற்கும். இந்தக் கயிற்றை நம்மூரில் மாட்டுவது சுலபம், இழுக்க வைப்பதுதான் பாடு. சின்ன வயதிலிருந்து 'பெரியவங்க முன்னாடி குறை சொல்லாதே' என்று வளர்ந்தவன் கயிற்றை எப்படி இழுப்பான்?

நான் ஒரு சிவப்புப் பெட்டி வைத்தேன். அதில் பீஸைப் போட்டால் யார் என்று கேட்கக் கூடாது. எத்தனை மணிக்கு, எந்த மெஷின், எந்த அளவு தப்பு, இந்த மூன்று மட்டும் ஒரு சீட்டில் எழுத வேண்டும். முதல் இரண்டு வாரம் பெட்டி காலியாகவே கிடந்தது. சோதித்துப் பார்க்கிறார்கள் என்று புரிந்தது. சூப்பர்வைசருக்கும் எனக்கும் அறைக்குள் நீண்ட பேச்சுவார்த்தை நடந்தது. அதன் பிறகு பெட்டி நிரம்பத் தொடங்கியது. கணக்கு பார்க்கிற என் மனைவிக்கு நெஞ்சு படபடத்தது. "பெட்டி வச்சதும் கெட்டுப்போறது ஜாஸ்தியாயிடுச்சே" என்றாள். முன்பும் இத்தனை போய்க்கொண்டுதான் இருந்தது, மூட்டைக்குள் போனது என்று விளக்கினேன்.

சீட்டுகளைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பாதிக்கு மேல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த முதல் அரை மணியில். எல்லோரும் சாப்பாட்டு மயக்கம் என்றார்கள். சாப்பிட்டவன் தூங்குவான், மெஷின் ஏன் தூங்குகிறது? கரண்ட் பில்லுக்குப் பயந்து சாப்பாட்டு நேரத்தில் மெஷினை அணைத்துவிடுவோம். காலையிலிருந்து ஓடிச் சூடாகி ஒரு நிலைக்கு வந்திருந்த ஸ்பிண்டிலும் பால் ஸ்குரூவும் அந்த இடைவேளையில் ஆறிவிடும். இரும்பு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரிக்கு 11 மைக்ரானுக்குச் சற்று மேல் நீளும் அல்லது சுருங்கும். 20 மைக்ரான் அனுமதியில் வேலை செய்கிறவனுக்கு அது பெரிய விஷயம். ஜாப்புக்கும் இதே கதைதான். கடைந்த சூட்டிலேயே அளந்தால் சரியாக இருப்பது, ஆறினதும் சிறுத்துவிடும். அளவுக்கு உலகம் முழுக்க வைத்திருக்கிற வெப்பநிலை 20 டிகிரி. அம்பத்தூரில் மே மாதம் அதைக் கனவில்தான் காணலாம். இப்போது சாப்பாட்டு நேரத்தில் ஜாப் இல்லாமல் ஸ்பிண்டிலை மெதுவாக ஓடவிடுகிறோம். பில் சற்று ஏறியது, பெட்டி பாதியானது. யாருடைய சிரத்தையும் கூடவோ குறையவோ இல்லை.

வீட்டிலும் இப்படிச் சில உண்டு. செல்போன் சார்ஜர் படுக்கையறையில் கிடையாது, ஹாலில்தான். சுகர் மாத்திரை காபிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில். சம்பள நாளுக்கு மறுநாளே ஆர்.டி.க்குப் பணம் தானாகப் போய்விடும். வாக்கிங் மட்டும் எந்த ஸ்பிரிங்குக்கும் பிடிபடவில்லை. அதற்கு எதிர்வீட்டுக்காரர்தான் காலையில் வந்து கேட்டைத் தட்ட வேண்டும்.

இப்போது எங்கள் ஷாப்பில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பையன்கள். தமிழில் எழுதி ஒட்டினால் அவர்களுக்குப் புரியாது. எல்லாம் நிறமும் போட்டோவும்தான். அவர்களில் கஞ்சாம் மாவட்டத்துப் பையன் ஒருவன் பத்துக்கு ஒன்று கேஜ் போட்டுப் பார்ப்பதை அடிக்கடி விட்டுவிடுகிறான் என்று சூப்பர்வைசர் புகார் சொன்னார். சோம்பேறி என்றார். பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்தேன். பையன் இடதுகைக்காரன். கேஜ் ஸ்டாண்டு மெஷினின் வலதுபக்கம். எண்ணெய்க் கையோடு ஜாப்பை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி, பனியன் வேஸ்டில் துடைத்து, திரும்பி நின்று அளக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் மெஷின் அடுத்த பீஸை முடித்துவிட்டுக் காத்திருக்கிறது. ஸ்டாண்டை இடதுபக்கம் மாற்றினோம். இப்போது ஒன்று விடாமல் அளக்கிறான். செகண்ட் ஷிஃப்டில் அதே மெஷினுக்கு வருகிறவன் வலதுகைக்காரன், அவன் இப்போது புகார் சொல்கிறான். இரண்டு பக்கமும் சுழல்கிற மாதிரி ஒரு பிராக்கெட் அடித்துத் தரச் சொல்லி வெல்டரிடம் கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன விலை அதிகம் என்று என் மனைவி கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிட்டாள். நாளைக்கு வேறு ஒருவரிடம் கேட்க வேண்டும்.